ஜெஸீமா டீச்சர் வரைந்த விசில்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல், அதாவது ஒருவர் இறந்த செய்தி, வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் கைவேலையை நிறுத்திக் காது கொடுப்பார்கள். அன்று காலை நான் முற்றத்துக் கதிரையில் இருந்து, ஒரு தேயிலைப் பைக்கற்றின் பின்பக்கத்து எழுத்துகளைக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் இன்னாரின் மனைவியும், காலஞ்சென்ற இன்னாரின் மகளும், கொழும்பில் வசிக்கும் இன்னாரின் தாயாரும் என்று அறிவித்தல் நீண்டுகொண்டே போனது. யாரோ ஒரு பெண் என்று மட்டும் விளங்கியது. கடைசியில்தான் பெயர் வந்தது. ஜெஸீமா டீச்சர்.

என் மனைவி ஸைனம்பு குசினியில் இருந்து அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஆரெண்டு சொன்னாங்க?"

அவளுக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"டீச்சர்" என்றேன்.

இருவரும் "இன்னாலில்லாஹி" சொன்னோம். அகப்பையில் இருந்த ஆணம் சொட்டுச் சொட்டாக அவள் காலில் விழுந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். நானும் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, சந்தியில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று வாசித்தேன். என் வாழ்நாளில் நானாக வாசித்த முதல் மௌத்து அறிவித்தல் அதுதான். எழுத்துக் கூட்டி முடிக்க நேரம் எடுத்தது. இரண்டு பேர் எனக்குப் பின்னால் நின்று, வாசித்துவிட்டு, போயும் விட்டார்கள். அதில் டீச்சரின் சொந்தம் எல்லாம் இருந்தது. அவர் படம் வரைந்தவர் என்று ஒரு சொல்கூட இல்லை. டீச்சர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். "சொந்தத்தச் சொல்லி முடிஞ்சா, மறுகா ஆளச் சொல்லோணும் காக்கா" என்பது, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அவர் அடிக்கடி சொல்வது.

அவரிடம் படித்த பெண்கள் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறார்கள். என்னிடம் வந்து, "நீங்க சொல்லுங்க மாமா, நாங்க எழுதுறம்" என்றார்கள். "ஏன், எனக்கு எழுத வராதா?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகவே கொப்பியை எடுத்தேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஆனால் வருகிறது.

நான் தோணிகளுக்குப் பெயின்ற் அடித்தவன். கல்முனைக் கடற்கரையில் என் கை படாத தோணி ஒரு காலத்தில் குறைவு. தோணியின் பெயரையும் இலக்கத்தையும் வேறொருவர் வந்து எழுதுவார். பூச்சு மட்டும் என்னுடையது. டீச்சர் முதல் முதல் என்னிடம் வந்தது அங்கேதான். பாடசாலையில் இருந்து ஓய்வு பெற்று அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கையில் நாலைந்து வெறும் ஜாம் போத்தல்கள். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, மணலில் செருப்புப் புதையப் புதைய வந்தார். அவர் கணவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"காக்கா, பேணிகள்ள அடியில மிச்சம் கெடக்கிற பெயின்ற் தருவீங்களா?"

"எல்லாம் காயப்போற பெயின்ற் டீச்சர். யன்னலுக்கா?"

"இல்ல, ஆக்களுக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் கணவரைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காதீங்க" என்றார் அவர். "எனக்கு இன்னும் அடிக்கல்ல."

டீச்சர் சிரித்த சிரிப்பில், தோணிக்குள் படுத்திருந்தவன் எழும்பி எட்டிப் பார்த்தான். கொழும்பில் இருந்து வரும் ஓவியப் பெயின்ற்றை விட எங்கள் பெயின்ற்தான் அவருக்குப் பிடிக்குமாம். உப்புத் தண்ணியைத் தாங்குகிற நிறம், வீட்டுக்குள் இருந்தால் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. அன்றில் இருந்து பேணி அடிகளைச் சேர்த்து வைத்தேன்.

ஒரு நாள் நான் நீலத்தில் மஞ்சளை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவத்தை அவரிடம் எடுத்து விட்டேன். "புள்ளைகளும் இப்படித்தானே டீச்சர்? வாப்பா நீலம், உம்மா மஞ்சள், புள்ள பச்ச" என்றேன்.

டீச்சர் குடையை மடக்கிவிட்டு அந்த மணலிலேயே குந்திவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு உயிரியல் படிப்பித்தவர் அல்லவா, பிழையைக் கண்டால் இருப்புக் கொள்ளாது.

"காக்கா, இந்தப் பச்சையில இருந்து நீலத்த மட்டும் திருப்பி எடுத்துத் தருவீங்களா?"

"அதெப்படி ஏலும்?"

"ஏலாதே. ஆனா மனுசர்ல ஏலும். வாப்பாட பூனக்கண் புள்ளைக்கு வராம, பேரப்புள்ளைக்கு வந்து நிக்கிறத நீங்க காணல்லயா? அது கலக்கிற சாமான் இல்ல. அரிசியும் பயறும் மாதிரி. எவ்வளவு கிண்டினாலும் அரிசி அரிசிதான், பயறு பயறுதான். ஒண்டு ஒண்டுக்குப் பின்னால ஒளிச்சி இரிக்கும், அவ்வளவுதான்."

அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்தேன். ஹாட்போட் பலகைகளில் சின்னச் சின்னக் கட்டங்கள், கீறுகள், புள்ளிகள். முகம் இல்லை, கை கால் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள். எங்கள் தெருக்கோடியில் அப்பம் சுடும் பெண் ஒரு பலகையில். அவர் கணவர் ஒரு பலகையில். "அடிக்காம உட்டாவா?" என்று மனிசன் பெருமூச்சு விட்டார். ஒருவரின் தாய் தகப்பனிடம் இருந்து வந்தவற்றைப் பரம்பரை அலகு என்று டீச்சர் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு கட்டம். ஒரு நிறம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பக்கத்தில் அடுத்த நிறம். ஈரத்தோடு ஈரம் தொட விடவே மாட்டார். அதனால் ஒரு ஆளை வரைந்து முடிக்க அவருக்கு மாதங்கள் செல்லும். தோணி என்றால் மூன்று நாள் என்று நான் பகிடி பண்ணுவேன். "தோணி ஒரே ஆள்தானே காக்கா, இது எத்தன பேர் ஏறின தோணி" என்பார்.

ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு கீறு எந்தக் கட்டத்திலும் சேராமல் இருக்கும். அது யாரிடம் இருந்தும் வராதது, அந்த ஆளுக்கே உரியது என்றார். அப்பக்காரியின் படத்தில் அது ஒரு சிவப்பு வளையம். அவள் அப்பத்தை எடுக்கும்போது தலையைச் சரித்து ஒரு கண்ணை மூடுவாள் அல்லவா, அதுதான் என்றார். அவள் தாய் அப்படிச் செய்வதில்லை. மகளும் செய்வதில்லை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் என் மகள் நஸீரா கரைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டாளியின் வீட்டுக்குப் போயிருந்தாள். பதினேழு வயது. அவள் உடல் கிடைக்கவில்லை. ஜனாஸா இல்லாமலே அவளுக்குத் தொழுதோம். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணி புகுந்து அலுமாரியைக் கொண்டு போனது. அவளுடைய புகைப்படங்கள் அதற்குள்தான் இருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவள் முகத்தில் ஒரு துண்டு எனக்குள் அழிந்துகொண்டே வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸைனம்புவிடம்கூட இல்லை. டீச்சரிடம்தான் சொன்னேன்.

"என்ட மகள வரஞ்சி தருவீங்களா?" என்று கேட்டேன்.

டீச்சர் பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். பிறகு, "நான் கண்டதில்லையே காக்கா" என்றார். "நீங்க சொல்லோணும்."

நான் சொன்னேன். கண் ஸைனம்புவுடையது. தலையில் இரட்டைச் சுழி, அது என்னுடையது. நிறம் என் உம்மாவுடையது. பெருவிரல் பின்னால் வளைவது ஸைனம்புவின் சகோதரனுடையது. டீச்சர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இதெல்லாம் உங்கட சாமான். அவட என்ன?"

பதினேழு வருடம் என் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை. அவளுக்கென்று என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போய்ப் பொழுது பட வந்தவன் நான். வாரக்கணக்கில் யோசித்தேன். ஆணத்துக்கு உப்புக் கூடவா கேட்பாள்? எல்லோரும்தான் கேட்பார்கள். மழையில் நனைவாளா? எந்தப் பிள்ளை நனையாது? நான் டீச்சரைக் கண்டால் ஒளிக்கத் தொடங்கினேன். பெயின்ற் பேணிகளை யாரிடமாவது கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் டீச்சரே கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை விட்டுவிட்டு ஸைனம்புவிடம் போய்க் குந்தினார். அவளிடம் முதலில் கேட்டது அவளுடைய குடியை, அதாவது குலத்தைத்தான்.

எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாகத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை உம்மாவின் குடி, உம்மா அவளுடைய உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. ஸைனம்பு அவள் தாய், தாயின் தாய், அவளுக்கும் தாய் என்று ஏழு பெண்களின் பெயரைத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ராத்தா, நம்மட உடம்புக் கலத்துக்குள்ள ஒரு சாமான் இரிக்கி. அது உம்மாக்கிட்ட இருந்து மட்டும்தான் புள்ளைக்கு வரும். வாப்பாட வராது. நம்மட மூத்தாக்கள் குடியக் கொண்டு போனாங்களே, அதே பாதைதான்."

"அப்ப இவர்ட ஒண்டும் இல்லயா?" என்றாள் ஸைனம்பு, என்னைக் கையால் காட்டி. இந்த வீடும் அவளுடைய சீதனம். அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்தில் ஒரு சந்தோசம் இருந்தது.

"மத்ததுல பாதி அவர்ட. பயப்புடாதீங்க காக்கா" என்றார் டீச்சர்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் டீச்சர் கேட்டார். "ராத்தா, உங்க ஒருத்தர்லயும் இல்லாம, நஸீராட்ட மட்டும் இருந்தது என்ன?"

ஸைனம்பு சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக்கினாள்.

"விசிலடிப்பாள்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அல்லாஹ்வே, அதை எப்படி மறந்தேன்! பகல் சாப்பாட்டைக் கொண்டுவந்து தாழை மறைவில் நின்றுகொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். அத்தனை தோணிக்காரர்களும் திரும்புவார்கள். ஆனால் அது எனக்கு என்று எனக்குத் தெரியும். தூரிகையைப் பேணியில் போட்டுவிட்டு எழும்புவேன். எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் விசிலடிக்க வராது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன். காற்றுத்தான் வரும்.

"கொமர்ப்புள்ள விசிலடிக்கிற எண்டு ஊருல கதைச்சாங்க டீச்சர்" என்றாள் ஸைனம்பு. "நான் வாயில அடிச்சிட்டன். ஒதடு வெடிச்சிட்டு. அதுக்குப் பொறகு எனக்குக் கேக்க அவள் அடிக்கல்ல. வாப்பாக்கு மட்டும்தான்."

டீச்சர் கொப்பியைத் திறந்தார், எழுதாமல் மூடினார். ஸைனம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். போகும்போது என்னிடம், "அந்தப் பேணிகள்ள ஆகவும் கூரான மஞ்சள் எது காக்கா?" என்று மட்டும் கேட்டார். மீன்பிடித் தோணியின் முன்பக்கத்து அணியத்துக்கு அடிக்கிற மஞ்சளைக் கொடுத்தேன். தூரத்தில் இருந்தே தெரிகிற மஞ்சள் அது.

படம் முடிய எட்டு மாதம் ஆனது. டீச்சர் கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்த நேரத்தில் அவர் கணவர் ஓட்டோவில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பழைய பத்திரிகையால் சுற்றியிருந்தது. பிரித்தோம். என் பக்கத்து நிறங்களும் ஸைனம்புவின் பக்கத்து நிறங்களும் ஒரு பாதியில் நெருக்கமாக நின்றன. ஒரு ஓரத்தில் ஏழு நீலக் கட்டங்கள், ஏழு பெண்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்து ஒரு மெல்லிய மஞ்சள் கோடு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, மற்றப் பாதியின் வெறும் வெள்ளையைக் கடந்து, பலகையின் விளிம்போடு முடிந்தது. விசில். பார்த்தவுடன் எனக்குக் கேட்டது.

"பெயின்ற் தொடச்ச துணி மாதிரி இரிக்குமெண்டு நெனச்சன்" என்றாள் ஸைனம்பு. அழுதுகொண்டே சொன்னாள்.

நானே துளை போட்டு, கம்பி கட்டி, நடு மண்டபத்துச் சுவரில் மாட்டினேன். பள்ளிவாசல் மௌலவி ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்தார்.

"இது என்ன படம்?"

"என்ட மகள்."

அவர் கிட்டப் போய் மேலும் கீழும் பார்த்தார். "மொகம் எங்க?"

"மொகம் இல்ல ஹஸரத்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

டீச்சர் கொழும்பில் இருந்து வந்தவுடன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து தேநீரைக் குடித்தார். அதன் பிறகும் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். எப்போதும் அதே கதிரை, அதே தேநீர், சீனி கொஞ்சம் கூட.

வருடங்கள் போயின. என் கை நடுங்கத் தொடங்கியதால் தோணி வேலையை விட்டேன். வாசிகசாலைக்குப் பின்னால் முதியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். பதினொரு பெண்கள், நானும் இன்னொரு கிழவனும். நாங்கள் இருவரும் வெட்கத்தில் வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தோம். எழுபது கழிந்து படித்த எழுத்து எத்தனை ருசி என்று படித்தவர்களுக்குச் சொன்னால் விளங்காது. நான் பூச்சு அடித்த தோணிகளின் பெயர்களை அப்போதுதான் வாசித்தேன். ஒன்றின் பெயர் 'பொறுமை'. அந்தத் தோணிக்காரனைப் போல் கோபக்காரன் கரையில் இல்லை. தனியாக நின்று சிரித்தேன். அரிசிப் பை, மருந்துப் போத்தல், கலண்டர் என்று வீட்டில் ஒன்றையும் விடவில்லை. "இனி என்ட நெத்தியையும் வாசிங்க" என்று ஸைனம்பு ஏசினாள்.

'ஜ' எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அது வந்த கிழமையில் ஒரு பகல், நடு மண்டபத்தில் பாயைப் போட்டுச் சுவர்ப் பக்கம் தலையை வைத்துப் படுத்தேன். கண்ணை மேலே உயர்த்தினால் படம் தலைகீழாகத் தெரிந்தது. அதன் மூலையில், வெள்ளைக்குள் மங்கிய வெள்ளையாக, ஏதோ கீறல் என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தது, ஒரு எழுத்து. 'ஜெ'. நேராக, அழகாக, வகுப்பில் எழுதிக் காட்டியது போலவே.

முதலில் சந்தோசத்தில் "ஜெ!" என்று சத்தம் போட்டுவிட்டேன். எழும்பி நின்று பார்த்தேன். எழுத்துத் தலைகீழாக இருந்தது. திரும்பப் படுத்தேன். நேராக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. எழுத்துப் பிழை இல்லை. நான்தான் என் மகளை ஐந்து வருடமாகத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறேன்.

செருப்பைக்கூட மாறிப் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏன் டீச்சர் சொல்லல்ல? இத்தனை தேத்தண்ணி குடிச்சீங்களே அதுக்குக் கீழ இருந்து!"

டீச்சர் முதலில் என்னைப் பார்த்தார். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"எழுத்த வாசிச்சன்."

"வாசிச்சீங்களா?" என்று கையைத் தட்டினார். நான் கோபமாக வந்தவன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்த் தேநீருக்குச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"மொத நாளே சொல்லத்தான் வந்தன் காக்கா. வாயத் தொறக்கக்குள்ள நீங்க அந்த மஞ்சள் கோட்ட மேல இருந்து கீழ வர விரலால இழுத்துக் காட்டி, 'வாறாள் பாருங்க டீச்சர், நம்மட ஊட்டுக்குள்ள வாறாள்' எண்டீங்க. நான் வரஞ்சது போற புள்ளைய. நீங்களும் ராத்தாவும் கீழ நிக்கிறீங்க, அவள் உங்களுக்கு மேலால, எல்லாத்தையும் உட்டுட்டுப் போறாள். நீங்க அவள வாற புள்ளையா மாட்டி இரிக்கீங்க. மறுகா நான் என்னத்தச் சொல்ற?"

"அப்ப எது சரி?"

"பலகையில எண்டா நான் வச்ச எழுத்து சரி. ஊட்டுல எண்டா..." என்று கையை விரித்தார். "உங்கட செவர்தானே காக்கா."

"அது ஸைனம்புட செவர்" என்றேன்.

"அப்ப அவட்ட கேளுங்க."

நான் கேட்கவில்லை. இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். திருப்புவதற்குக் கை வரவில்லை. திருப்பினால் அவள் போய்விடுவாள் என்று இருந்தது. ஸைனம்புவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் அப்படியே விட்டேன். அந்த இரண்டு வருடமும் டீச்சர் வருவார், கதிரையில் இருப்பார், படத்தை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்ப்பார். ஒரு சொல் கேட்கவில்லை. அவருக்கு நோய் கூடி வெளியே வருவது நின்ற பிறகு நான்தான் போய்ப் பார்த்து வந்தேன். கடைசியாகப் போன நாளில் என் கொப்பியைக் கொண்டு போய் நான் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டினேன். படுக்கையில் இருந்தபடி வாசித்தார். "காக்காட எழுத்து ஒருத்தர்ட எழுத்து மாதிரியும் இல்ல" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, டீச்சரின் மாணவிகள் வீடு வீடாகப் போய் அவர் வரைந்த ஆட்களை எல்லாம் வாங்கிப் பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். நஸீராவும் போனாள். கொழும்பில் இருந்து வந்த டீச்சரின் மகன் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் மாட்டினார். எங்கள் பலகையில் துளை பிழையான பக்கத்தில் இருக்கிறது என்று, மற்றப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டார்.

ஸைனம்புவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணை வெட்டி அந்த வெள்ளையை எடுத்த பிறகு அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்பக்காரி தன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிக் காட்டிச் சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நஸீராவிடம் போனோம். எங்கள் நிறக் கூட்டம் கீழே நின்றது. மஞ்சள் கோடு மேலே ஏறி, வெள்ளையைக் கடந்து, விளிம்பைத் தாண்டிப் போனது. முதல் தடவையாக அப்படிப் பார்த்தேன். இருபது வருடமாக நான் சொல்லாத ஒன்றை அப்போது மனதுக்குள் சொன்னேன். போயிட்டு வா மகள் என்றல்ல. போ மகள் என்று.

ஸைனம்பு என் கையைப் பிடித்தாள்.

"எங்க போறாள் இவள்?"

சொல்ல வேண்டியதாயிற்று. எழுத்தைக் காட்டினேன். இரண்டு வருடம் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவிலும் அவள் ஏசினாள். "தெரிஞ்சிக்கிட்டும் வாயத் தொறக்காம இருந்தீங்களா? என்ட செவர்ல, என்ட புள்ளைய?" ஓட்டோவில் வரும் வழியெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

கண்காட்சி முடிந்து பலகை வீட்டுக்கு வந்த அன்று அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு நின்றேன். "எப்படி மாட்ட?" என்று கேட்டேன். ஏழு வருடம் கழித்து, கேட்க வேண்டியவளிடம் கேட்டேன்.

ஸைனம்பு அதை நிமிர்த்திப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் படுக்க வைத்தாள். மஞ்சள் கோடு மண்டபத்துக்குக் குறுக்கே, குசினி வாசலைப் பார்த்து ஓடியது.

"இந்தப் பக்கம் ரெண்டு ஓட்ட போடுங்க" என்றாள். "போகவும் வேணாம், வரவும் வேணாம். அவள் எந்த நாளும் உங்களத்தான் கூப்புட்டாள். இனி என்னக் கூப்புடட்டும்."

டீச்சர் வரைந்தது அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த எழுத்து இப்போது படுத்துக் கிடந்தது. எனக்கு எழுத்துத் தெரியும், எது மேல் எது கீழ் என்று தெரியும், அதைச் சொல்லத் துடித்தேன். அப்போது டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. தான் எட்டு மாதம் பாடுபட்டு வரைந்ததை ஒருவன் தலைகீழாக மாட்டி வைத்துக்கொண்டு சந்தோசப்படுகிறான், அதற்குக் கீழே இருந்து ஏழு வருடம் தேநீர் குடித்த அந்த முகம்.

துளை போட்டுக் கொடுத்தேன். ஸைனம்பு மாட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் இருக்கும் கதிரையில் இருந்து, ஒன்றும் சொல்லாமல், அதைக் குடித்தேன். ஜெஸீமா டீச்சரிடம் இருந்து எனக்குக் கிடைத்தவற்றில் நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.